உள் பெல்ட்

மேலக்குடிக்காட்டுக் கீழத்தெருவில் யார் வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும், அது ஒருமுறை வீரையன் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டுத்தான் உரியவரின் டிரங்குப் பெட்டிக்குள் போகும். பயிர்க் காப்பீட்டுக் கடிதமா, கூட்டுறவு வங்கி நோட்டீஸா, தாசில்தார் அலுவலகத்து நகலா, சிங்கப்பூரில் வேலை இருப்பதாக யாரோ அனுப்பிய ஆங்கிலத் தாளா, எதுவானாலும் வீரையன் மகள் எழில்மொழி படித்துச் சொல்ல வேண்டும். ஒரத்தநாட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அந்தத் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வீரையன் அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்போரம் அண்டை வெட்டிக்கொண்டிருந்தவர். இப்போது மூன்று ஏக்கர் சொச்சம் வரும் பத்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குறுவையும் சம்பாவும் போடுகிறார். தமிழில் தன் பெயரை எழுதுவார். அதற்குமேல் எழுதவோ படிக்கவோ வேண்டியிருந்தால், பாப்பா வரட்டும் என்று எடுத்து வைத்துவிடுவார்.

படிப்பவளுக்குப் புரிந்ததா என்று அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. படித்த பிள்ளைக்குப் புரியாமல் எப்படி இருக்கும்? எழில்மொழி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அடுத்த வீட்டு அகிலாண்டம் வங்கியிலிருந்து வந்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். முழுக்க ஆங்கிலம். பாதி வார்த்தைகள் எழில்மொழி அதற்கு முன் கண்ணால் பார்த்திராதவை. அகிலாண்டம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா செவ்வந்தியும் சோறு வடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். எழில்மொழி இரண்டு முறை படித்தாள், தாளைத் திருப்பிப் பார்த்தாள், ஒன்றுமில்லை அத்தை, ஆதார் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறார்கள் என்றாள். குருட்டாம்போக்கில் சொன்னது. அது சரியாகப் போய்விட்டது. மறுநாள் அகிலாண்டம் ஒரு சீப்பு மொந்தன் வாழைக்காய் கொண்டுவந்து கொடுத்து, இந்தப் பிள்ளை கலெக்டராகத்தான் போகும் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கலெக்டராகவில்லை. இயற்பியலில் பட்டம் வாங்கி மூன்று பரீட்சை எழுதியதில் கிடைத்தது இரண்டாம் நிலைக் காவலர் வேலை. ஆயுதப்படையில் போட்டார்கள். தேர் பந்தோபஸ்து, மந்திரி வருகை, கருவூலக் காவல் என்று நான்கு வருஷம் ஓடிற்று. அங்கேயும் அவள் தெருப் பழக்கத்தை விடவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்பத் தெரியுமா என்றால் தெரியும் என்பாள். பிறகு தனியாக உட்கார்ந்து, விழுந்து எழுந்து, எப்படியாவது நிரப்பிவிடுவாள். ஒருமுறை தெரியாது என்று சொல்லிவிட்டால் இவ்வளவு நாள் சொன்ன தெரியும் எல்லாம் பொய்யாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

அவளுக்கே தெரியாமல் அவளிடம் இருந்த ஒன்று, கை. வருடாந்திரச் சுடும் பயிற்சியில் பிஸ்டலை முதன்முதலாகப் பிடித்தபோதே குண்டுகள் ஓரிடத்தில் போய் விழுந்தன. ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் இளஞ்செழியன் இலக்கு அட்டையைப் பார்த்துவிட்டு அவளை மகளிர் துப்பாக்கி அணிப் பயிற்சியில் சேர்த்தார்.

அந்த அணியின் முதல் கை கலைமகள். தலைமைக் காவலர், பேராவூரணிக்காரி, நாற்பத்தோரு வயது, எல்லாரும் ஏட்டம்மா என்பார்கள். புருஷன் மதிவாணன் ஊரில் தேங்காய் வியாபாரம். கலைமகளுக்கு வாய் அதிகம். குறி தவறியவளைப் பார்த்து, "அட்டைய நடுவுல சுடுடி, ஓரம் என்ன பாவம் பண்ணுச்சு, அங்கயே குத்துற?" என்பாள். ஆனால் அவள் சுட நின்றால் வாய் மூடிக்கொள்ளும், மற்றவர்கள் வாயும் மூடிக்கொள்ளும். மூன்று தடவை மண்டலப் போட்டிக்குப் போயிருக்கிறாள். மூன்று தடவையும் மாநிலப் போட்டிக்கு ஓரிரு புள்ளியில் தவறியிருக்கிறாள். அடுத்த வருஷம் அவளை ஸ்டேஷன் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் எங்கே பயிற்சி, எங்கே போட்டி? இந்த வருஷந்தான் கடைசி என்பதை அவள் சொல்லிக் காட்டியதில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் வெறும் பிஸ்டலை உருவி உருவிப் பழகிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் தெரியும்.

மண்டலப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் போகலாம், அதற்கு ஒரு தேர்வு உண்டு. பயிற்சிக் கணக்கில் கலைமகள் ஒன்று, கும்பகோணத்து ஷோபனா ஒன்று. எழில்மொழி மூன்றாவது, யாருக்காவது முடியாமல் போனால் அவள்.

இந்த வருஷம் போட்டியில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். இருபது மீட்டர் ஓடி, முழங்காலிட்டு, இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி ஐந்து குண்டு. குண்டு நிரப்பிய மேகசினை மாற்றி மறுபடி ஐந்து. அரசாங்கம் கொடுத்த தோல் பெல்ட்டும் மூடி வைத்த தோல் உறையும் இதற்கு ஆகாது, மூடியைத் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். மற்ற மாவட்டங்களில் இரண்டு பகுதியாக வரும் பெல்ட்டை வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட இளஞ்செழியன், நல நிதியிலிருந்து அணிக்கு ஒரு செட் வாங்க அனுமதி பெற்றார். காலைப் பயிற்சி முடிந்து எல்லாரும் வரிசையில் நிற்கும்போது எழில்மொழியைப் பார்த்தார்.

"நம்மள்ல டிகிரி படிச்சது நீதாம்மா. என்ன வாங்கணும், எது நல்லதுன்னு பாத்து வாங்கிட்டு வந்துடு. அந்த டூ-பார்ட் பெல்ட்டப் பத்தி உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்யா."

அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அந்த நிமிஷந்தான் தெரியும்.

மூன்று சாயங்காலம் விடுதி அறையில் செல்போனை வைத்துக்கொண்டு வீடியோக்களைப் பார்த்தாள். பேசியவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். வேகமாகப் பேசினார்கள், நடுநடுவே சிரித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். வெளி பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும்; துவண்டால் உறை ஆடும். நைலான் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். பூட்டு உலோகத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. பைகளைக் கோத்துக்கொள்ள முழு நீளத்துக்கும் கண்ணிகள் இருக்க வேண்டும். இதெல்லாம் சரியாகவே பிடித்துவிட்டாள். உள் பெல்ட் என்று ஒன்றை எல்லாருமே காட்டினார்கள். மெல்லிசாக, பூட்டுகூட இல்லாமல், கால்சட்டைக் கண்ணிகளுக்குள் விட்டு ஒட்டிக்கொள்வதாக இருந்தது. அது எதற்கு என்பதை யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. பார்ப்பவர்களுக்குத் தெரியும் என்று கடந்து போனார்கள். எழில்மொழியும் கடந்து போனாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கலைமகள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"ஏன்டி, ஒரு இடுப்புக்கு எதுக்குடி ரெண்டு பெல்ட்டு?"

"அது அப்படித்தாங்க்கா. மேல இருக்கறதுதான் மெயினு."

கலைமகள் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். படித்தவள் சொல்கிறாள்.

தஞ்சாவூர் கீழவாசலில் ஜாஃபர் சாதிக் வைத்திருந்த கடையில் தொப்பி, விசில் கயிறு, என்.சி.சி. சின்னம், பூட்ஸ் என்று சீருடைக்காரர்களுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். அவர் மூன்று வெளி பெல்ட்டுகளை எடுத்து மேஜைமேல் போட்டார். எழில்மொழி ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்து நீட்டிப் பார்த்தாள். ஒன்று நுனியிலேயே வாடிய வாழையிலை மாதிரி தொங்கியது. இன்னொன்றில் பூட்டு பிளாஸ்டிக். மூன்றாவது, ஒரு முழம் நீட்டியும் வளையாமல் நின்றது. தையல் பிசிறில்லாமல் ஓடியிருந்தது. உள்பக்கம் முழுக்க ஒட்டிக்கொள்ளும் வேட்டியில் இருப்பதுபோல் சொரசொரப்பான ஒட்டுப்பட்டை. அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்து ஜாஃபர் சாதிக் அசந்துபோனார். பத்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், இப்படிப் பார்த்து வாங்கிய ஆளில்லை என்று சொல்லி டீ வரவழைத்தார். எழில்மொழிக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"உள் பெல்ட்டு பொம்பளைங்க அளவு கையில இல்லம்மா. கோயமுத்தூர்லேர்ந்து வரணும், பத்து நாளாகும். ரெண்டும் சேந்ததுதான் செட்டு. இருந்து வாங்கிக்கிறீங்களா, இல்ல வெளிய மட்டும் போதுமா?"

அந்த இடத்தில் அவள் கேட்டிருக்கலாம். அது எதுக்கு பாய், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி. கடையில் வேறு இரண்டு காவலர்கள் பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவள் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டு இப்போது எதுக்கு என்று கேட்பதா?

அவளுக்கு அப்பாவின் பெல்ட் நினைவு வந்தது. நாலு விரல் அகலப் பச்சை பெல்ட், இரண்டு பக்கமும் பொத்தான் வைத்த பை. வேட்டிமேல் அதைக் கட்டிக்கொண்டுதான் வீரையன் வரப்பு போடுவார், உர மூட்டை தூக்குவார், மடையில் இறங்கி அடைப்பு எடுப்பார். செல்போன், சாவி, பீடிக்கட்டு, சில்லறை எல்லாம் அதற்குள் இருக்கும். இருபது வருஷத்தில் அது இடுப்பை விட்டு ஒரு விரற்கடை நகர்ந்து அவள் பார்த்ததில்லை. துணிமேல் கட்டிய ஒற்றை பெல்ட். அதற்கு எந்த உள் பெல்ட் இருந்தது?

"வெளிய மட்டும் போதும் பாய். எங்ககிட்ட டிபார்ட்மென்ட் பெல்ட் இருக்கு, அதுக்கு மேல போட்டுக்குவோம்."

"அப்பச் சரி. ட்ரெயினிங் எடுத்தவங்க, உங்களுக்குத் தெரியாததா."

இளஞ்செழியன் பெல்ட்டை வாங்கி வளைத்துப் பார்த்தார், பூட்டைப் போட்டுக் கழற்றினார், சபாஷ் என்றார். செட் முழுசாக வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டதய்யா என்றாள் எழில்மொழி. பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அவள் கணக்கில் அது முழுசுதான்.

ஒரே செட் என்பதால் முதல் கைக்குத்தான் போயிற்று. தேர்வுக்கு முன் இரண்டு நாள் கலைமகள் அதைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் பழகினாள். ஓடிப் பழக நேரமில்லை, பெரிய கோயில் பந்தோபஸ்து வந்துவிட்டது. இரண்டாம் நாள், கொஞ்சம் சுற்றுகிற மாதிரி இருக்கிறதே என்றாள். இறுக்கிக் கட்டுங்கள் அக்கா, சரியாகிவிடும் என்று எழில்மொழி தானே பின்னால் நின்று இழுத்துக் கட்டினாள். கலைமகள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, பிரசவத்துக்கு அப்புறம் எங்கம்மா வயித்துக்குத் துணி கட்டினது இப்படித்தான் என்று சிரித்தாள்.

தேர்வு வல்லத்துக்குப் பக்கத்தில், செம்மண் மேட்டை அடுத்த சுடுகளத்தில் நடந்தது. காலை வெயில் ஏறுவதற்குள் முதல் இரண்டு கட்டம் முடிந்தது. கலைமகள் முன்னால், ஷோபனா அடுத்து, எழில்மொழி மூன்றாவது. மூன்றாவது கட்டத்துக்குக் கலைமகள் முதலில் போனாள்.

விசில் ஊதியதும் ஓடினாள். ஓடும்போதே எழில்மொழிக்குத் தெரிந்துவிட்டது. உறையின் கனம் ஒரு பக்கம், மேகசின்கள் மறுபக்கம். ஒவ்வோர் எட்டுக்கும் பெல்ட் மொத்தமாக இடுப்பைச் சுற்றி வழுக்கிக்கொண்டு வந்தது. கீழே இருந்த தோல் பெல்ட் வழவழவென்று இருந்தது, ஒட்டுப்பட்டை பற்றிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. கலைமகள் முழங்காலிட்டபோது வலது இடுப்பில் இருக்க வேண்டிய உறை முதுகுப் பக்கம் போயிருந்தது. அவள் கை பழகிய இடத்துக்குப் போயிற்று, அங்கே பிஸ்டல் இல்லை. பின்னால் துழாவிப் பிடித்து இழுத்தாள். பிஸ்டலோடு உறையும், உறையோடு பெல்ட்டும் விலாவரை ஏறி வந்தன. வெடுக்கென்று உதறினாள். பிஸ்டல் பக்கவாட்டில் விடுபட்டது. அதன் வாய் ஒரு நொடி, புள்ளி குறிப்பவர்கள் நின்ற பக்கம் திரும்பியது.

விசில் நீளமாக ஊதியது. எல்லாரும் குனிந்துவிட்டார்கள். குண்டு வெடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துப்பாக்கி வாய் ஆட்கள் பக்கம் திரும்பினால் அந்த ஆள் களத்தை விட்டு வெளியே, அதற்கு மறுபேச்சே கிடையாது.

இளஞ்செழியன் முகம் கறுத்துப்போயிற்று. இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் இப்படிச் செய்யலாமா ஏட்டம்மா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. கலைமகள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"கை தப்பிருச்சுய்யா."

பத்தடி தள்ளி நின்ற எழில்மொழி வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் செம்மண் தூசிதான் போயிற்று. மற்றவர்கள் அந்தக் கட்டத்தைப் பழைய தோல் பெல்ட்டோடு முடித்தார்கள். கடைசியில் இளஞ்செழியன் பட்டியலில் கலைமகள் பெயரை அடித்துவிட்டு எழில்மொழி பெயரை எழுதினார். ஷோபனா வந்து கையைக் குலுக்கினாள். எழில்மொழி கையைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அன்று எல்லாரும் கோபத்தில் இருக்கிறார்கள், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் கலைமகளைக் கருவூலக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். பெல்ட்டை இவளிடமே கொடுத்து, இனி நீதான் கட்ட வேண்டும், பழகு என்றார் இளஞ்செழியன். அவள் அதைத் தன் இடுப்பில் கட்டி, அறைக்குள் நாலு எட்டு ஓடிப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு வந்தது. கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். வீரையன் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு மூன்று நாள் காத்துக்கிடந்தவர், அங்கே இருந்த அத்தனை பேரிடமும் மகள் துப்பாக்கிப் போட்டிக்குப் போகிற கதையைச் சொல்லியிருந்தார். செவ்வந்தி கோழி அடித்திருந்தாள். எழில்மொழி கறியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள்.

வயலுக்குக் கிளம்ப வீரையன் வேட்டி கட்டுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கவனித்தாள். வேட்டியை இறுக்கிச் செருகிவிட்டு, மேல் ஓரத்தை இடுப்பைச் சுற்றிலும் கயிறுபோல் இரண்டு சுருட்டுச் சுருட்டினார். அந்தச் சுருட்டின்மேல் பச்சை பெல்ட்டைப் போட்டு மாட்டினார். மிச்சத் துணியை இழுத்து பெல்ட்டின்மேல் மடித்துவிட்டார். பெல்ட்டுக்குக் கீழேயும் துணி, மேலேயும் துணி. தடித்த அந்தச் சுருட்டுதான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக.

"என்ன பாப்பா பாக்குற?" என்றார் வீரையன்.

ஒன்றுமில்லை என்றாள்.

அந்த நேரத்துக்கு அகிலாண்டம் ஒரு தாளோடு வந்தாள். நில அளவைத் துறையிலிருந்து வந்தது. எழில்மொழி படித்தாள். நடுவில் ஒரு பத்தி அவளுக்குப் பிடிபடவில்லை. நாக்கு வழக்கம்போல் எதையோ சொல்லக் கிளம்பியது. அதை நிறுத்திக்கொண்டு, இது எனக்குப் புரியவில்லை அத்தை, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுங்கள் என்றாள்.

அகிலாண்டம் தாளை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "பாத்தியா செவ்வந்தி, போட்டிக்கெல்லாம் போறாள்ல, இனிமே நம்ம காயிதமெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். செவ்வந்தியும் மகளை ஒரு மாதிரி பார்த்தாள்.

திங்கள்கிழமை காலை வருகைப் பதிவின்போது ஷோபனா ஒரு செய்தி சொன்னாள். ஏட்டம்மா சனிக்கிழமை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்களாம். கையில் நடுக்கம் இருக்கிறதா, நரம்பில் ஏதாவது கோளாறா என்று பார்க்கச் சொன்னார்களாம். டாக்டர் ஒன்றுமில்லை என்றாராம். ஏட்டம்மா நம்பவில்லையாம்.

எழில்மொழி அதற்குமேல் நிற்கவில்லை. இளஞ்செழியன் அறைக்குப் போய், சல்யூட் அடித்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். உள் பெல்ட் என்று ஒன்று உண்டு, அது கால்சட்டையோடு பிடித்திருக்கும், வெளி பெல்ட் அதில் ஒட்டிக்கொள்ளும், அப்போதுதான் நகராது. அதை நான் வாங்கவில்லை, கடைக்காரர் கேட்டும் வேண்டாம் என்றேன், உங்களிடம் முழுசு என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுய்யா."

"இப்ப இல்லியா?"

இளஞ்செழியன் மேஜைமேல் பேனாவைத் தட்டினார். வாங்கியதும் பிரித்துப் பார்க்காதது என் தப்பும்தான் என்றார். பட்டியல் வெள்ளிக்கிழமைதான் போகிறது. வியாழக்கிழமை கலைமகளை மட்டும் மறுபடி மூன்று கட்டமும் சுட வைக்கலாம், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. எழில்மொழிக்கு மூச்சு வந்தது. ஆனால் ஏட்டம்மாவிடம் அவர் சொல்லமாட்டார். அதை இவளேதான் போய்ச் சொல்ல வேண்டும்.

கருவூலத்து வாசலில் கலைமகள் ரைபிளோடு நின்றாள். மாற்று ஆள் வரும்வரை எழில்மொழி வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். கலைமகள் வந்ததும், என்னடி போட்டிக்காரி இந்தப் பக்கம் என்றாள். எழில்மொழி சொன்னாள். இன்ஸ்பெக்டரிடம் கோர்வையாக வந்தது இங்கே வரவில்லை. பாதியில் நின்று, திரும்ப ஆரம்பித்து, உள் பெல்ட் என்ற வார்த்தையையே நாலு தடவை சொன்னாள்.

கலைமகள் முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். மூடினாள்.

"ஒன்பது நாளு. ஒன்பது நாளு என் கையத் திட்டிக்கிட்டு இருந்தேன்டி. சோத்துல கை வைக்கறப்பல்லாம் நடுங்குதா நடுங்குதான்னு பாத்தேன். எம் புருஷன் மூஞ்சில முழிக்கல. நீ அந்தப் பக்கம் போயி வந்துக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமாங்க்கா."

"நான் கேட்டனா இல்லியா? ஒரு இடுப்புக்கு எதுக்குடி ரெண்டுன்னு கேட்டனா இல்லியா?"

"கேட்டீங்க."

"தெரியலக்கான்னு சொல்றதுக்கு என்ன? நான் வெறும் பத்தாவது படிச்சவ. நான் கேட்டதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடலியே."

அழுதால் மன்னித்துவிடுவார்களோ என்ற நினைப்பு வந்ததாலேயே எழில்மொழி அழாமல் நின்றாள். கலைமகள் வியாழக்கிழமைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அந்த பெல்ட் வேண்டாம், பழைய தோலிலேயே சுடுகிறேன் என்றாள். எழில்மொழி அன்றே ஜாஃபர் சாதிக்கிடம் ஓடினாள். எவ்வளவு சீக்கிரம் வரவழைத்தாலும் உள் பெல்ட் அடுத்த செவ்வாய்தான் வரும் என்றார் அவர்.

வியாழக்கிழமை சுடுகளத்தில் நாலே பேர். கலைமகள், இளஞ்செழியன், ஷோபனா, எழில்மொழி. எழில்மொழிக்குக் கொடுத்த வேலை அட்டை மாற்றுவதும் புள்ளி சொல்வதும். கலைமகள் முதல் கட்டத்தில் நன்றாகத்தான் சுட்டாள். இரண்டாவதில் ஒவ்வொரு குண்டுக்கு முன்பும் கொஞ்சம் அதிகமாக நிறுத்தினாள். முன்பெல்லாம் அவள் அப்படி நிறுத்துவதில்லை. மூச்சு விடுவதுபோல் சுடுவாள். மூன்றாவதில் ஓடி, முழங்காலிட்டு, தோல் மூடியைத் திறந்து உருவினாள். கை நேராக இடத்துக்குப் போயிற்று. உருவியவள் பிஸ்டலைப் பார்த்தாள். இலக்கைப் பார்க்க வேண்டிய நேரத்தில் தன் கையைப் பார்த்தாள். அரை நொடி இருக்கும். ஒன்பது நாள் திட்டு வாங்கிய கை அது.

எழில்மொழி அட்டைகளைக் கொண்டுவந்தாள். இளஞ்செழியன் கூட்டினார். மறுபடி கூட்டினார். எழில்மொழியின் மொத்தத்தைவிட மூன்று புள்ளி குறைவு.

பட்டியலை மாற்ற வேண்டியதில்லை என்று இளஞ்செழியன் மெதுவாகச் சொன்னார்.

எழில்மொழி ஓரடி முன்னால் வந்தாள். எனக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் ஐயா, ஏட்டம்மா போகட்டும் என்றாள். இதைத்தான் இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இருந்தாள்.

"அதுவும் ஒரு பொய்தானே?" என்றாள் கலைமகள். அவளைப் பார்த்துத்தான் சொன்னாள். "உனக்கு மனசு ஆறணும்கறதுக்காக நான் பிச்சை வாங்கிக்கிட்டுப் போவணுமா? மூணு புள்ளி உனக்குக் கூட. நீதான் போற. போயி ஒழுங்கா சுடு."

"அக்கா..."

"என்னை இப்ப அக்காங்காத."

இளஞ்செழியன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தார். சுட்ட குண்டுகளின் வெற்றுத் தோட்டா அத்தனையையும் எண்ணிப் பெட்டியில் போட்டுக் கையெழுத்து வாங்காமல் களத்தை விட்டு யாரும் போக முடியாது. ஒன்று குறைந்தாலும் தேடியாக வேண்டும். ஷோபனா பொறுக்கி எண்ணிவிட்டு, ஒன்று குறைகிறது என்றாள்.

கலைமகள் முழங்காலிட்ட இடத்தில் மண்ணைக் கையால் விலக்கத் தொடங்கினாள். எழில்மொழி நாலடி தள்ளி உட்கார்ந்து அந்தப் பக்கத்தை விலக்கினாள். செம்மண் இருவர் நகக்கண்ணிலும் ஏறியது. வெயில் சுட்டது. இளஞ்செழியன் ஜீப்பிலிருந்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கால்மணி நேரம் கழித்து, ஒரு கோரைப்புல் வேரடியில், மண்ணுக்குள் பாதி புதைந்து, எழில்மொழி கைக்கு அது அகப்பட்டது. ஊதித் துடைத்து, கிடைத்துவிட்டது என்றாள்.

கலைமகள் நிமிராமலே கையை மட்டும் நீட்டினாள். எழில்மொழி அதை அந்த உள்ளங்கையில் வைத்தாள். கலைமகள் எழுந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு, ஷோபனா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை, அடுத்துக் கையெழுத்துப் போட நின்ற எழில்மொழியிடம் கொடுக்காமல், தாளின்மேல் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.